மைக்ரோஸ்டெப்பைக் கூட்டினேன், வேகம் போயிற்று

ஸ்டெப்பர் மோட்டார் (ஒவ்வொரு மின் துடிப்புக்கும், அதாவது பல்ஸுக்கும், ஒரு படி நகரும் மோட்டார்) வைத்து சொந்தமாக மெஷின் கட்டியவர்கள் எல்லோரும் வேகத்துக்கும் துல்லியத்துக்கும் நடுவே ஒருமுறையாவது மாட்டியிருப்பீர்கள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

சிறிய செதுக்கு மெஷின். சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால் ஸ்க்ரூ என்ற திருகுத் தண்டு, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் ஜிஆர்பிஎல் என்ற மெஷின் கட்டுப்பாட்டு மென்பொருள். 1/16 மைக்ரோஸ்டெப்பில், அதாவது ஒரு ஸ்டெப்பை 16 குட்டி ஸ்டெப்பாகப் பிரித்தால், ஒரு மி.மீ.க்கு 640 பல்ஸ். நிமிடத்துக்கு 2,500 மி.மீ. வேகத்தில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. வளைவுகளில் மெல்லிய வரி விழுகிறதே என்று மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவரின் சுவிட்சை 1/32-க்கு மாற்றி, மென்பொருளில் 1,280 என்று போட்டேன். அடுத்த வேக நகர்விலேயே கரகரவென்று சத்தம். மோட்டார் நின்றுவிட்டது, திரையில் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

ஒயர், டிரைவர், பவர் சப்ளை எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் கணக்குப் போட்டேன். அந்த வேகத்துக்கு 1/16-இல் நொடிக்கு சுமார் 26,700 பல்ஸ் போதும். 1/32-இல் 53,000-ஐத் தாண்டுகிறது. ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் ஜிஆர்பிஎல் நம்பகமாகத் தருவது 30,000 வரைதான்.

சரி, மெதுவாக ஓட்டினாலாவது துல்லியம் கூடியிருக்கிறதா? மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குக் காட்டும் டயல் கேஜை வைத்து, 0.002 மி.மீ. வீதம் நகர்த்திப் பார்த்தேன். முதல் தடவை முள் அசையவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாவதில் சட்டென்று குதித்தது. மைக்ரோஸ்டெப்பைக் கூட்டினால் டார்க் (முறுக்கு விசை) குறையும் என்று பலர் சொல்வது பாதிதான் சரி. மோட்டாரின் பிடிப்பு அப்படியே இருக்கும். ஒரே ஒரு குட்டி ஸ்டெப் தரும் உந்துதல்தான் சுருங்கும்: 1/16-இல் பிடிப்பில் பத்தில் ஒரு பங்கு, 1/32-இல் இருபதில் ஒரு பங்கு. ஸ்க்ரூ நட்டின் உராய்வு அதைவிடப் பெரிதாக இருந்தால் தண்டு காத்திருக்கும், பல குட்டி ஸ்டெப் சேர்ந்த பிறகுதான் நகரும்.

வளைவில் விழுந்த வரிக்குக் காரணம், மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு தளர்ந்திருந்தது! அதை இறுக்கிவிட்டு 1/8-க்கு இறங்கினேன். ஒரு ஸ்டெப்புக்கு 3 மைக்ரான். மரத்தில் செதுக்க இது தாராளம். அப்புறம் 4,000 மி.மீ. வேகத்துக்கு ஆசைப்பட்டபோது பல்ஸ் தாங்கியது, மோட்டார் தாங்கவில்லை. நிமிடத்துக்கு 800 சுற்றில் சுருளுக்குள் கரண்ட் ஏற நேரம் போதாது. 24 வோல்ட்டிலிருந்து 36-க்குப் போனதும் அதுவும் சரியானது.

* * *

நீங்கள் கேட்டீர்களே, என் மெஷினில் தடை பழைய கணினியின் பேரலல் போர்ட் (முன்பு பிரிண்டர் மாட்டும் இணைப்பு). லினக்ஸ்சிஎன்சி என்ற மெஷின் மென்பொருள், 50 மைக்ரோவினாடிக்கு ஒரு தடவை மட்டுமே பல்ஸ் விட முடியும்படி அமைத்திருந்தேன். நொடிக்கு 15,000 பல்ஸ் வேண்டுமென்றால் இடைவெளி சீராக 66.7 மைக்ரோவினாடி இருக்க வேண்டும். ஆனால் கிடைப்பது 50, 50, 100, திரும்ப 50, 50, 100. மோட்டார் அந்தத் தடுமாற்றத்தை உறுமிக் காட்டும். கையை வைத்தால் உடம்பிலேயே அதிர்வு தெரியும். பல்ஸைத் தானே உண்டாக்கும் தனி கார்டு போட்ட அன்று அந்த உறுமல் நின்றது. கணினியை வேறு எதற்காகவும் மாற்றவில்லை.

* * *

நான் ஸ்டெப்பர் வைத்து ஓட்டுவது தொலைநோக்கி. நட்சத்திரத்தைப் பின்தொடர நொடிக்கு சுமார் 15 ஆர்க்விநாடி (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்விநாடி) நகர்ந்தால் போதும். அங்கே ஒவ்வொரு மைக்ரோஸ்டெப்பும் வேண்டும். வானத்தின் மறுபக்கம் திரும்பும்போது வேகம் மட்டும்தான் வேண்டும், அப்போது யாரும் ஐபீஸில் கண் வைப்பதில்லை. அதனால் பின்தொடர 1/32, திரும்ப 1/4 என்று ஓட்டத்திலேயே மாற்றினேன். ஒவ்வொரு முறை திரும்பிய பிறகும் நட்சத்திரம் கொஞ்சம் தள்ளியே நின்றது, தவறு சேர்ந்துகொண்டே போனது. இரவுகள் சிலவற்றை கியர் மீது சந்தேகப்பட்டே கழித்தேன். உண்மையில் இரண்டு முழு ஸ்டெப்புக்கு நடுவே பாதி வழியில் மைக்ரோஸ்டெப் முறையை மாற்றியதுதான் பிழை. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டர் அருகிலிருந்த இன்னொரு நிலைக்குத் தாவியது. முழு ஸ்டெப் நிலை வரும்வரை காத்திருந்து மாற்றும்படி நிரலைத் திருத்தினேன். இப்போது எங்கே சுற்றிவிட்டு வந்தாலும் அதே நட்சத்திரம் நடுவிலேயே இருக்கிறது.