பழைய கல்விக் கடன் நிற்கும்போது மறுபடி படிக்கப் போனவர்கள்: உங்கள் அனுபவம் (சேலம்)

செவ்வாய்ப்பேட்டை நர்ஸ்

எம்.எஸ்சி. நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. பி.எஸ்சி.க்கு 2012-ல் வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் சம்பளத்தில் வாடகை போக இஎம்ஐக்கு என்ன மிஞ்சும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு என்பிஏ (தவணை கட்டாத வாராக் கடன்) ஆகி வருடங்கள் ஆகின்றன.

புதுக் கடன் கேட்டு அப்பாவோடு வேறொரு வங்கிக்குப் போனேன். மேனேஜர் என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அடுத்து அப்பாவுடையதையும் திறந்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதே கடன் அங்கேயும் இருந்தது, அவர் இணைக் கடன்தாரர் ஆயிற்றே. அப்பா கொலுசுப் பட்டறையில் பொடி வைத்துப் பற்றவைத்தே கண் மங்கியவர். திரைக்குப் பக்கத்தில் குனிந்து தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மேனேஜரிடம், "சார், அந்தப் பழசு என் பேர்லயே கிடக்கட்டுங்க. பாப்பாவுக்குப் புதுசு குடுங்க" என்றார்.

மேனேஜர் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. "அப்படி முடியாதுங்கய்யா" என்றார், அவ்வளவுதான். அந்த விரல்தான் எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. யாராவது இதைத் தாண்டி வந்திருந்தால் சொல்லுங்கள்.

ஆத்தூர்க்காரன்

அக்கா, நான் லோக் அதாலத்தில் (சமரச நீதிமன்றம்) கடனை முடித்தவன். அஸ்தம்பட்டி கோர்ட்டில் உட்கார்ந்து பேசி, வட்டியில் பெரும்பகுதியைக் குறைத்தார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினேன். பாரம் இறங்கிவிட்டது என்றுதான் இருந்தேன்.

எம்.பி.ஏ. சேரக் கடன் கேட்டபோது அதிகாரி ரிப்போர்ட்டில் ஒரே ஒரு சொல்லுக்குக் கீழே பச்சைப் பேனாவால் கோடு போட்டார். 'செட்டில்டு' என்று இருந்தது. "க்ளோஸ்டு என்று வந்தால் வாங்க தம்பி" என்றார், அதாவது முழுதும் கட்டி முடித்த கணக்காக. குறைத்துக்கொண்ட தொகையை வங்கி நஷ்டமாகத்தான் கணக்கில் வைத்திருக்கும், ரிப்போர்ட்டும் அதைத்தான் சொல்லும். இதைச் சமரசத்துக்கு உட்கார்ந்த அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இருந்தாலும் வழக்கு, நோட்டீஸ் எல்லாம் ஓய்ந்தது பெரிய நிம்மதி. நீங்களும் அதாலத்துக்கே போங்கள்.

ஓமலூர் மெயின் ரோடு

ஆத்தூர்த் தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. மறுபடி படிக்கப் போகிறவருக்கு அதாலத் முதல் வழி இல்லை, கடைசி வழி. என் கதை சின்னது: தங்கைக்காக இதே அலைச்சல் அலைந்தேன், கடைசியில் முழுத் தொகையும் கட்டித்தான் வெளியே வந்தோம். அதனால் சொல்கிறேன்.

முதலில் ரிப்போர்ட்டை நீங்களே எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். தொகையிலோ தேதியிலோ தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு என்பது ரிசர்வ் வங்கி விதி.

அடுத்தது முக்கியம். 2012 கடன் என்கிறீர்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்திருந்தால், படித்த காலத்துக்கும், அதன் பிறகு ஒரு வருடம் அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முந்தையதோ அதுவரைக்கும் வட்டியை மத்திய அரசு மானியமாகக் கட்டியிருக்க வேண்டும். அந்த மானியம் கணக்கில் ஏறியதா என்று ஸ்டேட்மென்ட் கேட்டுப் பாருங்கள். என் தங்கை கணக்கில் ஏறவே இல்லை, வருமானச் சான்று வாங்கிக் கொடுத்தும்! அந்த வட்டிதான் குட்டி போட்டு அசலைத் தாண்டி நின்றது. எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது.

சிபில் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. அதையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ போன் செய்தால் குறித்து வையுங்கள், அதற்கும் விதி இருக்கிறது.

தாரமங்கலம்

ஓமலூர் அண்ணா, அது இடைக்கால உத்தரவு. அந்த மாணவருக்கு வேலை கையில் இருந்தது. அந்தத் தாளை நானே ஒரு கிளையில் நீட்டியிருக்கிறேன். மேனேஜர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இது எங்களுக்கு வந்த உத்தரவு இல்லைங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அதை நம்பி அந்த அக்கா ஃபீஸ் கடைசித் தேதியைத் தவறவிடக் கூடாது. மானிய விஷயம் மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். "இப்போதைக்கு ஆயிரம் ரூபாய் போடுங்க, பார்க்கலாம்" என்று வங்கியில் சொல்வார்கள். வங்கி வழக்குப் போட உள்ள மூன்று வருடக் காலவரம்பு முடிவதற்குள் ஒரு பகுதி கட்டினால் அன்றிலிருந்து காலம் புதிதாக ஓடத் தொடங்கும். வக்கீலிடம் காட்டாமல் கட்டாதீர்கள்.

ஓமலூர் மெயின் ரோடு

காலவரம்பு வழக்குக்குத்தான் தம்பி. ரிப்போர்ட் அதைப் பார்க்காது. படிக்க நினைக்கிறவருக்கு ரிப்போர்ட்தான் வாசல்.

ஏற்காடு மேல்

எனக்கு வங்கிக் கடன் இல்லை, காலேஜ் பாக்கி. கேட்க ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

எஸ்டேட் வேலை நின்றதும் இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டேன். கீழே இருந்த அந்தத் தனியார் காலேஜ் என் டிசியையும் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் வைத்துக்கொண்டது. இப்போது அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, அசல் கேட்கிறார்கள். எஸ்.டி. உதவித்தொகைக்கும் சேர்க்கை முடிந்தால்தான் விண்ணப்பிக்க முடியும்.

காலேஜ் ஆபீஸில் அந்த மேடம் பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். மேலே ஸ்கூல் யூனிஃபார்மில் என் போட்டோ பின் அடித்திருந்தது. "இருக்கு பாரு, பத்திரமா இருக்கு" என்று காட்டிவிட்டு உள்ளே வைத்துப் பூட்டினார். "பாக்கியைக் கட்டிட்டு வா தம்பி."

தாரமங்கலம்

தம்பி, அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-ல் அறிவிக்கை போட்டிருக்கிறது. பாக்கி தனி, சான்றிதழ் தனி. பிரின்சிபாலுக்குப் பதிவுத் தபாலில் எழுது, நகலைப் பல்கலைக்கழகத்துக்கும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் மனுவிலும் கொடு. திங்கட்கிழமை காலையிலேயே மலையிலிருந்து இறங்கிவிடு, வரிசை நீளம்.

ஏற்காடு மேல்

சரிங்கண்ணா. தபால் ரசீதையும் மனுவோடு வைக்கணுமா?