கேரவனுக்கு வாட்டர் சர்வீஸ் விடலாமா? சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்கள்

அஸ்தம்பட்டி கேரவன்:

ஏற்காட்டிலிருந்து இறங்கின கையோடு வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விடுவது நம் ஊர்ப் பழக்கம். காருக்குப் பரவாயில்லை. உள்ளேயே தங்கிச் சமைக்க வசதி வைத்த கேரவனையும் அப்படி விடலாமா என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். பதில் நீளும்போல இருந்ததால் தனியாகவே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே போடுங்கள்.

என்னுடையது டிராவலர் சேஸியில் ஃபைபர் பாடி கட்டிய வண்டி. கூரையில் ஏசி, சோலார் பேனல், காற்றுப் போக ஒரு வென்ட். பக்கவாட்டில் சுருட்டி விரிக்கிற துணிப் பந்தல், அதாவது ஆனிங். ஆக, பாடியில் எத்தனை இடத்தில் ஓட்டை போட்டு எதை எதையோ பொருத்தியிருக்கிறார்கள் பாருங்கள். அத்தனை ஓட்டையையும் சீலன்ட் என்கிற பசை ஒன்றுதான் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவில் முறுக்கிக்கொண்டு இறங்கி வந்த பாடி வேறு.

முதலில் பிரேக். என்னதான் செகண்ட் கியரில் இறக்கினாலும் அடிவாரத்தில் வீல் பக்கம் கையை நீட்டினால் அனலடிக்கும். அந்தச் சூட்டில் தண்ணீரைப் பீய்ச்சினால் டிஸ்க் கோணிக்கொள்ளும், டிரம்மில் விரிசல்கூட விடும். கோரிமேடு பக்கம் நிறுத்தி டீ, பலகாரம் எல்லாம் முடித்து, வீல் தொடுகிற சூட்டுக்கு வந்த பிறகுதான் தண்ணீர் பேச்சே.

அடுத்தது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிற கன். சர்வீஸ் ஸ்டேஷன் பையன்களுக்கு லாரி கழுவித்தான் பழக்கம். சேற்றைப் பெயர்க்கிற வேகத்திலேயே இதற்கும் அடிப்பார்கள். மழைக்காலத்தில் ஓர் இடத்தில் விட்டேன். பையன் நல்ல பையன்தான், சுறுசுறுப்பு. ஆனால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வெளிப்பக்கம் கிரில் மாதிரி ஒன்று இருக்குமே, அதற்குள் நேராக விட்டு அடித்தார். நான் கத்தி நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சில நாள் கழித்து ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து அலமாரிக் கதவு மூடவே மாட்டேன் என்றது. பார்த்தால், அடிப்பக்கம் பிளைவுட் உப்பிப்போய் ஓரத்து லேமினேட் வாயைப் பிளந்திருந்தது. விரலால் அழுத்தினால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அழுக்கால் எந்தக் கேரவனும் கெட்டதில்லைங்க, உள்ளே போன தண்ணீரால்தான் கெடுகிறது.

இப்போது கன் அடிப்பது சக்கரத்துக்கும் மட்கார்டு உள்பக்கத்துக்கும் மட்டும். பாடிக்குப் பக்கெட், நீளக் கைப்பிடி வைத்த மென்மையான பிரஷ், சாதாரண ஓஸ். மேலிருந்து கீழே. தேய்ப்பதற்கு முன்னால் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிட வேண்டும். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் லாரிகளுக்குப் பின்னால் வந்திருந்தால் இதில் அவசரமே கூடாது. அந்தப் பொடியோடு தேய்த்தால் வெயிலில் பார்க்கும்போது கோடு கோடாகத் தெரியும்.

பெரிய தலைவலி தண்ணீர்தான். எங்கள் தெரு போர் தண்ணீர் சரியான உப்பு. காயவிட்டால் வெள்ளை வெள்ளையாக வட்டம், கண்ணாடியில் இன்னும் மோசம். மேட்டூர்த் தண்ணீரைக் குடிக்கப் பிடித்து வண்டிக்கு ஊற்ற மனசு வராது. 2003-ல் கட்டாயமாக்கினார்களே, அந்த மழைநீர்ச் சேகரிப்பு, அது எங்கள் வீட்டில் தொட்டியாகவே இருப்பதால் கடைசி அலசல் மட்டும் அதிலிருந்து. தொட்டி காலி என்றால் போர் தண்ணீரிலேயே அலசி, ஒவ்வொரு பக்கமாக மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுத்துவிடுவேன். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே வருகிற கழிவுத் தண்ணீரைச் சிலர் மிச்சம் பிடித்துக் கழுவுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். தரை கழுவுங்கள், வண்டி வேண்டாம். ஏற்கெனவே விழுந்த வட்டத்துக்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டவைத்து, பிறகு அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

சங்ககிரி பட்டறை:

அண்ணா சொன்ன பிளைவுட் கதையை வாரா வாரம் பார்க்கிறோம். லாரி பாடி கட்டிக்கொண்டிருந்த நாங்கள் இப்போது ஃபைபர் வேலையும் எடுக்கிறோம்.

ஃபைபருக்கு மேலே பளபளவென்று இருப்பது ஜெல்கோட். அரை மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான். வெயிலில் நின்று நின்று அது மங்கும். விரலால் தேய்த்தால் சாக்பீஸ் தூள் மாதிரி கையில் வரும். அழுக்கு என்று நினைத்துப் பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுத் தேய்த்து வருகிறார்கள் சில பேர். அன்றைக்கு வெள்ளையாகத்தான் தெரியும். அடுத்த மழையில் அத்தனை அழுக்கையும் அது குடித்துவிடும். பாத்திரம் கழுவுகிற லிக்விடும் வேண்டாம், போட்ட வாக்ஸை அது எடுத்துவிடும். கார் ஷாம்பூ போதும். மங்கிப்போனதற்கு மேல்பரப்பை லேசாகத் தேய்த்து எடுக்கிற ரப்பிங் காம்பவுண்டு இருக்கிறது, ஆனால் அடிக்கடி போட்டால் அரை மில்லி எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒருமுறை மெருகேற்றி, அப்புறம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வாக்ஸ் போட்டு வையுங்கள்.

பக்கவாட்டில் கறுப்பாகக் கோடு இறங்குகிறது என்று கேட்பவர்களுக்கு: கழுவ வேண்டிய இடம் பக்கவாட்டு இல்லை, கூரை. மேலே தேங்கின தூசிதான் பனியிலும் மழையிலும் கரைந்து இறங்குகிறது. கூரையில் ஏறினால் சோப்புத் தண்ணீர் வழுக்கும், ஜாக்கிரதை. ஏணியில் நின்று எட்டுகிற வரைக்கும் செய்வதே நல்லது. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் பலகை போட்டு, அதன்மேல் முட்டி போட்டு நகருங்கள். அப்படியே வென்ட், ஏசி, பேனல் கால் எல்லாவற்றையும் சுற்றி சீலன்ட்டை விரலால் தடவிப் பாருங்கள். விரிசலோ தூக்கலோ தெரிந்தால் அதற்கு மேலேயே சிலிகானைப் பூசி அனுப்பிவிடாதீர்கள். பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துத் துடைத்த பிறகுதான் புதுசு பிடிக்கும். சிலிகான் மிச்சம் இருக்கிற இடத்தில் எதுவுமே ஒட்டாது.

கொண்டலாம்பட்டி டிரைவர்:

நான் வாடகைக் கேரவன் ஓட்டுகிறேன். ஒரே ஒரு விஷயம், ஆயுத பூஜை.

முதலாளி வீட்டில் வண்டி இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டுவார்கள். வெட்டின இடத்திலிருந்து பால் சொட்டி வெள்ளை பாடியில் இறங்கும். அப்போது தண்ணீர் மாதிரிதான் இருக்கும். மறுநாள் காப்பிக் கலரில் கோடு. சோப்பு, ஷாம்பூ எதற்கும் அசையாது. காம்பவுண்டு போட்டும் நிழல் மாதிரி நிற்கிறது. இப்போது வெட்டுவாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி நூலால் கட்டித்தான் வண்டியில் கட்ட விடுகிறேன். மஞ்சள் பட்டால் பயமில்லை, வெயிலிலேயே வெளுத்துவிடும். குங்குமம் அப்படிப் போகாது. இரண்டு நாளில் மழை வந்தால் பொட்டு வைத்த இடத்திலிருந்து சிவப்புத் தாரை பம்பர் வரைக்கும் இறங்கும். பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா முதலில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார்.

மாமரத்தடியில் நிறுத்தாதீர்கள். பூக்கிற பருவத்தில் தத்துப்பூச்சி விடுகிற தேன் மாதிரிப் பிசுபிசுப்பு கூரையெல்லாம் படியும். விட்டால் அதன்மேல் கறுப்புப் பூஞ்சணம் வந்துவிடும்.

டீசல் அடித்துத் துடைத்தால் பளபளக்கும் என்று சர்வீஸில் கேட்பார்கள். ரப்பர் எல்லாம் ஊறிப்போகும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நாகலூர் எஸ்டேட் வீடு:

எங்கள் காப்பித் தோட்டத்தில் கேரவன் நிறுத்த இடம் கொடுக்கிறோம். மேலே சில்வர் ஓக் நிழல். வருகிறவர்களுக்கு அது பிடிக்கும், வண்டிக்குப் பிடிக்காது. காய்ந்த இலை விழுந்து கூரை ஓரத்தில் அடைத்து, பனித் தண்ணீர் தேங்கி, நாலு நாளில் வழுவழுவென்று பச்சை படிய ஆரம்பிக்கும். தினம் காலையில் இலையைத் தள்ளிவிட்டாலே பாதி வேலை மிச்சம். எங்கள் செம்மண்ணும் லேசில் விடாது. காயவிட்டுத் துடைக்காமல் நனைத்து நனைத்து இறக்குங்கள்.

பனியில் நனைந்த ஆனிங்கை அப்படியே சுருட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். போன சீசனில் வந்த ஒரு குடும்பம் இங்கே விரித்ததும், கறுப்புப் புள்ளியும் ஊறின துணி நாற்றமுமாக அத்தனை பேரும் மூக்கைப் பிடித்தார்கள். ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் வீட்டுக்குப் போனதும் விரித்துக் காயவிடுங்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. சில டிரைவர்கள் வண்டியை ஓடை ஓரம் இறக்கி நுரை பொங்கக் கழுவுகிறார்கள். ஒருவரிடம் நானே போய்ச் சொன்னேன்: "தம்பி, இந்தத் தண்ணியைத்தான் கீழ்வீட்டுக்காரங்க குடத்துல பிடிக்கிறாங்க." உடனே நிறுத்திவிட்டார், தப்பு சொல்ல முடியாது. வீட்டுத் தொட்டியிலிருந்து இரண்டு பக்கெட் கொடுத்தேன். புல்தரையில் நிறுத்திச் சோப்பே இல்லாமல் ஈரத் துணியால் துடைத்தார், போதுமானதாக இருந்தது. கழுவுவதைச் சேலத்தில் வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆத்தூர்:

என் வண்டிப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் என்கிறார்கள். வீட்டுக் கண்ணாடிக்கு அடிக்கிற ஸ்பிரே போடலாமா? சோலார் பேனலை எப்போது கழுவலாம்?

அஸ்தம்பட்டி கேரவன்:

வேண்டாங்க. அம்மோனியா, ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் எது பட்டாலும் அக்ரிலிக்கில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும். உலர்ந்த துணியாலும் துடைக்காதீர்கள், கீறிவிடும். நிறையத் தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பூ, வெறும் கை. முன்கண்ணாடியில் ராத்திரிப் பூச்சி அப்பியிருந்தால் ஈரத் துண்டைப் பத்து நிமிஷம் போர்த்தி வைத்தால் தானே ஊறி வந்துவிடும். பேனலை வெயில் ஏறுவதற்குள் கழுவிவிடுங்கள். சூடேறின கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. பாடிக்கும் அதே நேரம்தான் நல்லது, ஷாம்பூ காய்ந்து ஒட்டாது. வெளிக் கரண்ட் ஒயரைக் கழற்றி அதன் மூடியைப் போட்ட பிறகு ஓஸைத் திறங்கள்.