குழாய்ச் சத்தத்தில் பம்ப் அடித்த கதை

எனக்கு 7 வயதில் இழுப்பு, அதாவது ஆஸ்துமா, தொடங்கியது. இப்போது 24. யாருக்கும் தெரியக் கூடாது, நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும் என்பார் அம்மா. அதனால் சென்னையில் ஹாஸ்டலுக்கு வந்த பிறகும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான், இழுப்பு வந்தால் வாயில் வைத்து அடிக்கும் நீல பம்பை (இன்ஹேலரை) அடிப்பேன். தண்ணீர்ச் சத்தத்தில் அந்தப் 'புஸ்' கேட்காது.

போகியன்று விடியற்காலை தெருவில் டயர் கொளுத்தினார்கள். நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்தது. பம்பை அடித்தேன், மறுபடி அடித்தேன், அடங்கவில்லை. குலுக்கினால் சத்தம் கேட்கிறதே, மருந்து இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதில் 200 தடவை அடிக்கத்தான் மருந்து. முடிந்த பிறகும் சத்தம் மட்டும் வருமாம். பக்கத்துக் கட்டில் அக்கா ஸ்கூட்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார். மருந்தைப் புகை மாதிரி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் கருவியை வைத்த பிறகுதான் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச வந்தது.

"எப்படி அடிப்பீங்க, காட்டுங்க" என்றார் மருத்துவர். காட்டினேன். வாயோரம் புகை மாதிரி வெளியே வந்தது. "பாதி மருந்து எனக்குத்தான் வருதும்மா" என்று சிரித்துவிட்டார். மூச்சை முழுதாக விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, 10 எண்ணும்வரை அடக்க வேண்டுமாம். இத்தனை வருஷம் யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய திட்டு விழுந்தது வேறொன்றுக்கு: தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு பம்பை, நன்றாகத்தானே இருக்கிறோம், எதற்கு ஸ்டீராய்டு என்று நானே விட்டிருந்தேன். வாரத்தில் 2 தடவைக்கு மேல் நீல பம்ப் தேவைப்பட்டாலே நோய் கட்டுக்குள் இல்லையாம். நான் தினமும் அடித்துக்கொண்டிருந்தேன்!

இப்போது பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் ஸ்பேசர் என்ற குடுவையை வைத்துத்தான் எடுக்கிறேன். தடுப்பு பம்ப் அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

—

உங்கள் கதையைப் படித்தேன், நான் உங்களைவிட மோசம். ரோட்டாஹேலர் என்ற கருவியில் போட்டு, உள்ளே இருக்கும் பொடியை வாயால் உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலை ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி விழுங்கினேன்! அதற்கு முன்னால் பெரியப்பா ஜூன் மாதம் ஹைதராபாத்துக்குக் கூட்டிப்போய், மருந்து வைத்த குட்டி விராலை உயிரோடு விழுங்க வைத்தார். அசைவம் சாப்பிடாதவர்களுக்கு வெல்லத்தில் வைத்துக் கொடுப்பார்கள், எனக்கு அந்தச் சலுகையும் இல்லை. 3 வருஷம் போனோம். மீன் போனது, இழுப்பு போகவில்லை.

—

ஐயோ, விராலா! எங்கள் அம்மா காதில் இது விழாமல் இருக்கட்டும். ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பதையே அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் அக்கா கைப்பையில் என் பம்ப் ஒன்று எப்போதும் இருக்கிறது. திறந்த தேதியை அவரே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார்.