புதுப்பிப்பு: ரீசும் ஆர்கனுக்குக் காசு எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், கிழக்கு ஃபிரீசியாவிலுள்ள ரீசும் என்னும் சிற்றூர் தேவாலயத்தின் பழைய குழாய் ஆர்கனைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். 15-ஆம் நூற்றாண்டில் ஒரு விவசாயக் கிராமத்துக்கு இவ்வளவு பணம் எப்படிக் கிடைத்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள். விடை மாடுகள்!

கொழுத்த மாடுகளை எம்ஸ் ஆற்றைக் கடந்து கொண்டுபோக அனுமதி வேண்டும் என்று ரீசும் மக்கள் 1457-இல் தங்கள் பகுதித் தலைவரிடம் கேட்டதாக 16-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எக்கெரிக் பெனிங்காவின் குறிப்பு சொல்கிறது. அக்கரையில், இன்றைய நெதர்லாந்தில், குரோனிங்கன் நகரம். ஆர்கன் செய்த ஹார்மனுஸ் அந்த நகரத்துக்காரர். மாடு விற்ற காசு அவருக்கான கூலி. அரசனோ பிஷப்போ கொடுத்த கொடையல்ல, ஊரார் வளர்த்த மந்தை அது. எனக்கு இந்த ஆர்கனின் இசையைவிடவும் பெரிதாகத் தோன்றுவது இதுதான்.

கருவி சிறியது: ஒரே விசைப்பலகை, ஏழு குழாய்த் தொகுதிகள். பிற்காலத்தில் மாற்றங்கள் நடந்தன. 1960-ஐ ஒட்டி ஆரெண்ட், புருன்செமா என்னும் ஆர்கன் கைவினைஞர் இருவரும் பழைய குழாய்களைக் காத்துச் சீரமைத்தார்கள். சுருதியும் மீன்டோன் என்னும் பழைய சுருதி சேர்க்கும் முறைதான். அதில் எளிய சுரச்சேர்க்கைகள் அதிர்வு நடுக்கமின்றித் தெளிவாக நிற்கும். தொலைவான சுரங்களுக்குப் போனால் ஓலமிடும். ஆகவே பிற்காலத்து இசை பலவற்றை இதில் வாசிக்க முடியாது. அதற்காகச் சுருதியை மாற்றாமல் விட்டார்களே, அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

அடுத்துக் காற்றுத் துருத்திகளைப் பற்றி எழுதுகிறேன்.