1.6 கிலோ பொமரேனியனைச் சினையாக்கலாமா?

பீடோர்_எஸ்டேட்:
வணக்கம் அண்ணன்மாரே. என்கிட்ட ரெண்டு பொமரேனியன் பெட்டை இருக்கு. ஒன்னு 1.6 கிலோ, இன்னொன்னு 2.7 கிலோ. ரெண்டுக்கும் ரெண்டு வயசு. தெரிஞ்சவர்கிட்ட 1.8 கிலோ கடுவன். சின்னதும் சின்னதும் சேர்ந்தா குட்டியும் சின்னதா வரும், விலை போகும்னு சொல்றார். அந்தக் கடுவனும் என் பெரிய பெட்டையும் ஒரே தகப்பனுக்குப் பிறந்ததுங்க. எதைச் சேர்க்கலாம்?

ஈப்போ_பொம்:
தம்பி, சின்னதைச் சேர்க்கவே சேர்க்காதீங்க. தாய் சின்னதா இருந்தா குட்டியும் அதே அளவுக்குச் சுருங்கிடாது. 30 கிலோ லாப்ரடார் 400 கிராம் குட்டி போட்டா, தாயோட எடையில அது 1.3 விழுக்காடுதான். 1.6 கிலோ பெட்டை வயித்துல 130 கிராம் குட்டின்னா 8 விழுக்காடு! சின்னப் பெட்டைக்குப் பெரும்பாலும் ஒன்னு ரெண்டுதான் தரிக்கும். ஒத்தைக் குட்டின்னா இன்னும் பெருசா வளரும். பொமரேனியனுக்குத் தலை வேற உருண்டை, இடுப்பெலும்புல மாட்டிக்கும். அப்புறம் ராத்திரியோட ராத்திரியா ஈப்போ டவுன் டாக்டர்கிட்ட ஓடி ஆபரேஷன்தான். சின்ன உருவம் கடுவன் பக்கமிருந்து வரட்டும், தாய் அதைவிடப் பெருசா இருக்கட்டும்.

அப்பன் ஆத்தா எடையைக் கூட்டி ரெண்டால வகுத்தா குட்டி எடை வந்துடாது. ஐஜிஎப்1 மரபணுவுக்கு உருவத்துல பெரிய பங்கு இருக்குன்னு 2007-லேயே கண்டுபிடிச்சாங்க, ஆனா அது மட்டும் முடிவு பண்றதில்லை. தாத்தா பாட்டி 4 கிலோன்னா, ரெண்டு சின்னதுக்கும் வளர்ந்து 3 கிலோ ஆகுற பிள்ளையும் பிறக்கலாம். கடுவனோட கூடப்பிறந்ததுங்க வளர்ந்து எத்தனை கிலோன்னு கேளுங்க.

ரத்தவழி_பார்:
பெரிய பெட்டைக்கும் இந்தக் கடுவன் வேணாம். தகப்பன் ஒன்னுன்னா குட்டியோட உள்ளினக் கலப்பு, அதாவது ஒரே மூதாதையோட மரபணு தாய் தகப்பன் ரெண்டு வழியாவும் வந்து சேர்ற வாய்ப்பு, 12.5 விழுக்காடு. ஒரே தாய் தகப்பன்னா 25. இது மேல உள்ள தலைமுறையில உறவே இல்லைன்னு வச்சுப் போட்ட கணக்கு, இருந்தா இன்னும் ஏறும். குட்டி எண்ணிக்கை குறையும், சவலையா பிறக்கும், மறைஞ்சிருந்த நோயும் வெளியே வரும். எம்கேஏ (மலேசிய நாய் வளர்ப்பாளர் சங்கம்) கொடுக்கிற வம்சாவளிச் சான்றிதழை வாங்கி பாட்டன் பூட்டன் பேரை ஒப்பிட்டுப் பாருங்க. பேப்பரைக் காட்டாதவர்கிட்ட கடுவன் எடுக்காதீங்க. கடுவன், பெட்டை ரெண்டுக்கும் பின்னங்கால் முட்டிச் சில்லு நழுவுதான்னு டாக்டர் தொட்டுப் பார்க்கணும், இந்த ஜாதியில அது பரம்பரையா வர்ற கோளாறு.

பீடோர்_எஸ்டேட்:
சரிண்ணே, சின்னதை விட்டுட்டேன். பெரியதுக்கு வேற கடுவன் தேடறேன். சினையானதும் என்ன பார்க்கணும்?

ஈப்போ_பொம்:
இணை சேர்ந்ததுல இருந்து 55ஆம் நாளுக்கு மேல எக்ஸ்ரே. எத்தனை தலை, இடுப்புல நுழையுமான்னு டாக்டர் பார்த்துச் சொல்வார். 57ஆம் நாள்ல இருந்து காலை மாலை ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வைங்க. 37.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினா பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள ஈனும். 20, 30 நிமிஷம் பலமா முக்கியும் குட்டி வரலைன்னாலோ, முதல் குட்டிக்கு முன்னாடியே பச்சை நிறத்துல நீர் கசிஞ்சாலோ காத்திருக்காம கிளம்பிடுங்க. கிராம் காட்டுற தராசு ஒன்னு வாங்கி வைங்க. முதல் நாளுக்குப் பிறகும் எடை ஏறாத குட்டிக்குப் பால் பத்தலை, சர்க்கரை இறங்கிடும். சினையில கால்சியம் மாத்திரை கொடுக்காதீங்க. கொடுத்தா உடம்பு எலும்புல இருந்து தானா எடுக்கிறதைக் குறைச்சுக்கும், பால் கொடுக்கிற நேரத்துல தாய்க்கு வலிப்பு வரலாம்.