புதுப்பிப்பு: 1 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் 20 ஹெர்ட்ஸாகத் தெரிந்தது ஏன்?

முதல் பதிவில் கேட்டது: ஆசிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) டைம்பேஸை, அதாவது ஒரு கட்டத்துக்கான நேரத்தை, 10 மில்லிசெகண்டில் வைத்தால், 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை ஏன் 20 ஹெர்ட்ஸாகத் தெரிகிறது? விடை கிடைத்துவிட்டது, கோளாறு ப்ரோபில் (சிக்னலை ஸ்கோப்புக்குக் கொண்டுவரும் முனை) இல்லை.

திரையில் 10 கட்டம், மொத்தம் 100 மில்லிசெகண்ட். மெமரி 10,000 புள்ளிதான். ஆகவே ஸ்கோப் தன் வேகத்தை நொடிக்கு 1,00,000 சாம்பிளாக (அளந்தெடுக்கும் புள்ளி) தானே குறைத்துக்கொள்கிறது. பத்து சுழற்சிக்கு ஒரே புள்ளி! ஸ்கோப்பின் க்ளாக்கோடு ஒப்பிட்டால், சதுர அலையைத் தரும் கிரிஸ்டல் 20 ஹெர்ட்ஸ் விலகியிருக்கிறது. இதனால் ஒவ்வொரு புள்ளியும் சுழற்சியில் சற்றே தள்ளி விழ, அந்த விலகலே அலையாக வரையப்படுகிறது. ட்ரிகரில் (அலையைத் திரையில் ஒரே இடத்தில் நிறுத்தும் வசதி) நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்ததும் இதனால்தான்.

பீக் டிடெக்ட் என்ற பதிவு முறையைப் போட்டதும் திரை முழுக்கப் பட்டையாக நிரம்பியது: ஒவ்வொரு இடைவெளியிலும் உச்சத்தையும் தாழ்வையும் அது சேமிக்கிறது. ஆவரேஜிங் (பல பதிவுகளின் சராசரியைக் காட்டுவது) இதற்கு உதவாது. மெமரியை 10 லட்சம் புள்ளியாக்கினால் சுழற்சிக்குப் பத்துப் புள்ளி கிடைக்கும். விளிம்புகளை அளக்க அதுவும் போதாது, டைம்பேஸைக் குறைத்தே ஆக வேண்டும்.