செப்டம்பர் 10ஆ, 21ஆ? பதினொரு நாள் முன்பின் ஆனால் என்ன?

கெடிலக்கரை (கேள்வி):
பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த நாள் ஒரு நூலில் 1746 செப்டம்பர் 10, இன்னொன்றில் 21. எது சரி? கடலூர் அருகே ஆங்கிலேயர் வைத்திருந்த தேவனாம்பட்டினம் கோட்டை பற்றிக் கட்டுரை எழுதும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், "எதுவாயிருந்தால் என்ன, வரலாறு எதற்குப் படிக்கணும்?" என்கிறார்கள். மழுப்பாமல் என்ன பதில் சொல்லலாம்?

ஏட்டுச்சுவடி:
இரண்டும் சரி, ஒரே நாள்தான். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர் 1582லேயே நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியனுக்கு மாறிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். கிழமை மட்டும் மாறாது: இரண்டு கணக்கிலும் அது புதன். சந்தேகம் வந்தால் முதலில் கிழமையைப் பாருங்கள்.

இதை விட்டுவிட்டால் யார் செய்தார், யார் எதிர்வினை செய்தார் என்பதே தலைகீழாகும். பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியில் 20ஆம் தேதி புறப்பட்ட கடிதத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் 11ஆம் தேதியே பதில் எழுதியதாக வரும்! சென்னை விழுந்த பின் 1752 வரை ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். அதனால் பிள்ளைகளின் கட்டுரையில் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும்.

இன்னொரு பொறி, இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. அவர்கள் ஏட்டில் '1746 பிப்ரவரி 10' என்றிருந்தால் நம் கணக்கில் 1747 பிப்ரவரி 21. ஆவணத்தில் உள்ள தேதியை அழித்துத் திருத்த வேண்டாம். மூலத் தேதி, எந்த நாட்காட்டி, இன்றைய தேதி, கிழமை என்று நான்கு கட்டமுள்ள அட்டவணை போடச் சொல்லுங்கள்.

வில்லியனூரான்:
"எதற்கு" என்பதற்கு, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் புதுச்சேரிப் பக்கத்துப் பதில். கீழூர் வாக்கெடுப்பு 1954 அக்டோபர் 18: மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு. நிர்வாகம் கைமாறியது நவம்பர் 1. ஆனால் இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28, நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தவர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள எழுதிக் கொடுக்க வேண்டிய ஆறு மாதக் கெடு அந்தக் கடைசித் தேதியிலிருந்துதான் ஓடியது. 1954ஐ வைத்து எண்ணினால், ஒரு குடும்பம் எந்த நாட்டுப் பிரஜை என்பதே தப்பாகிவிடும்.

அரியாங்குப்பத்தார்:
தேதியோடு நிறுத்த வேண்டாம். புதுச்சேரி அருகே உள்ள பழந்துறைமுகமான அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த தொல்லியலாளர் வீலர், உட்புறம் வளையம் வளையமாகப் புள்ளிக்கோடு அழுத்திய 'ரௌலெட்டட்' தட்டுகளை மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தவை என்று கருதினார். பிறகு களிமண்ணைச் சோதித்தபோது அவை இந்தியாவில் செய்தவை என்று தெரிந்தது. மதுச்சாடிகளும் இத்தாலியின் அரெஸ்ஸோ வகைக் கலங்களும் நிஜமாகவே கடல் கடந்து வந்தவை. 1989-92 அகழாய்வு, உரோமானியச் சரக்குக்கு முன்பே இங்கே ஊர் இருந்ததைக் காட்டியது. அந்நியர் வந்து துறைமுகம் அமைத்தார்களா, நம்மவர் துறைமுகத்துக்கு அந்நியர் வந்தார்களா என்ற கேள்வி ஒரு தட்டின் மண்ணைப் பொறுத்திருந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், கண் விரியும்.

கெடிலக்கரை:
நன்றி. பழைய தமிழ்ப் பத்திரங்களில் 'அட்சய' என்று தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால்?

ஏட்டுச்சுவடி:
அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும்: 1746, 1806, 1866, 1926, 1986. பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) எண்ணைத் தேடுங்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும். அட்சய வருஷம் ஐப்பசி, பசலி 1336 என்றால் 1926.